விடுமுறை இல்லாத ஊரில் பெருநாள்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் வோக்கிங் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே பச்சைக் குவிமாடத்தோடு ஒரு சின்னப் பள்ளிவாசல். பெயர் ஷாஜஹான் பள்ளி. 1889-ல் கட்டியது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே திட்டமிட்டு எழுப்பிய முதல் கட்டடம் இதுதான்.

கட்டியவர் காட்லீப் வில்ஹெல்ம் லைட்னர். ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்து திரும்பியதும் வோக்கிங்கில் கீழைத்தேயக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கிற முஸ்லிம் மாணவர்களுக்குத் தொழ இடமில்லை என்பதால், அதன் வளாகத்திலேயே பள்ளிவாசல் எழுப்பினார். பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அன்று போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம். பள்ளிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு தேசத்தில் திட்டமிட்டு எழுப்பிய முதல் பள்ளிவாசல் வணிகருக்காகவோ ராஜதந்திரிக்காகவோ எழும்பவில்லை. வீட்டை விட்டு வந்த மாணவருக்காக எழும்பியது. வெளிநாட்டில் நோன்பும் பெருநாளும் கழித்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. லைட்னர் 1899-ல் இறந்த பிறகு பள்ளி ஏறக்குறையப் பூட்டிக் கிடந்தது. 1913 வாக்கில் லாகூர் வழக்கறிஞர் குவாஜா கமாலுத்தீன் வந்து மறுபடி உயிர் கொடுத்தார். அதன் பின் பெருநாள் காலையில் லண்டனிலிருந்து ரயிலேறி வந்து, தொழுது, புல்வெளியில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அந்தக் காலத்து மாணவர்களுக்கு வழக்கமாகவே ஆனது.

நான் லண்டனில் முதுகலை படித்தபோது அமைந்த ரமலான் 2015-ல் ஜூன் 18 அன்று தொடங்கியது. ஆண்டின் மிக நீண்ட பகல்கள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு. 354 அல்லது 355 நாள்தான். அதனால் ரமலான் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது பெரிய விஷயமாகவே பட்டதில்லை. நம் ஊரில் கோடைக்கும் குளிருக்கும் நோன்பின் நீளம் சுமார் ஒரு மணி நேரம் மாறும், அவ்வளவுதான். லண்டன் இருப்பது 51 பாகைக்கும் வடக்கே. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது இருபது ஆகும்.

அது மறைந்த பிறகும் முழு இருட்டு வராது. நோன்பு தொடங்குகிற ஃபஜ்ர் (வைகறைத் தொழுகை) நேரத்தைக் கணிக்கப் பலர் வைத்திருக்கும் அளவு, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும் நேரம். ஜூன் மாத லண்டனில் நள்ளிரவில்கூடச் சூரியன் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. எனவே ஒவ்வொரு பள்ளிவாசலும் ஏதோ ஒரு கணக்கு முறையைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு அட்டவணை சஹரை, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டை, இரண்டே முக்காலுக்கு முடிக்கச் சொல்லும், இன்னொன்று மூன்றுக்கு மேலும் அவகாசம் தரும். நார்வேயின் டிரோம்சோ போன்ற ஊர்களில் மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே கிடையாது. அங்கே மக்கா நேரத்தைப் பின்பற்றுவோரும் உண்டு, பகலிரவு பிரிகிற பக்கத்து நகரத்தின் நேரத்தைப் பின்பற்றுவோரும் உண்டு. ஊரில் பள்ளிவாசல் வெடிச் சத்தத்துக்கோ பாங்குக்கோ காது கொடுத்தால் போதும் என்று வளர்ந்த பிள்ளை, முதல்முறையாக வானியலும் ஃபிக்ஹ் என்கிற மார்க்கச் சட்டமும் படித்துத் தன் நோன்பைத் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பசி பெரிதாகத் தெரியாது. முதல் நான்கைந்து நாளில் உடம்பு பழகிவிடும். பழகாதது தூக்கம். இரவுத் தொழுகையான இஷா பதினொன்றை நெருங்கித்தான் வரும். ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகையும் முடிந்து அறைக்கு வந்தால் பன்னிரண்டரை. இரண்டு மணிக்குச் சஹருக்கு எழ வேண்டும். காலை பத்துக்கு நூலகத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் காத்திருக்கும்.

விடுதியின் பொதுச் சமையலறை அந்த நேரத்தில் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். கதவைத் திறந்ததும் குழல் விளக்கு தானாக எரியும். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, தட்டின் ஓரத்தில் பெயர் ஒட்டியிருக்கும். மின்சார அடுப்பு சூடேறவே ஐந்து நிமிடம் பிடிக்கும். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தூங்குவார்கள். பாத்திரம் பாத்திரத்தில் படாமல் எடுக்க வேண்டும். முந்தின நாள் சோற்றில் தயிரைப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பேன். ஊரில் சஹர் நேரம் என்றால் தெருவே விழித்திருக்கும். தப்ஸ் அடித்துக்கொண்டு எழுப்ப வருகிறவர் குரல், எதிர் வீட்டில் தாளிக்கிற வாசம், இன்னொரு வாய் சாப்பிடச் சொல்லி உம்மாவின் மிரட்டல். இங்கே எனக்குத் துணை ஃபிரிட்ஜின் இரைச்சல் மட்டும்.

கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். நேரக் கணக்கைப் பாருங்கள். கோடையில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நான் நோன்பு திறக்கும்போது கீழக்கரையில் அதிகாலை இரண்டு மணி ஆகப்போகும். உம்மா தூங்காமல் காத்திருந்து கூப்பிடுவார்.

"நோன்பு தொறந்துட்டியா? கஞ்சி இருந்துச்சா?"

"இல்லம்மா, பேரீச்சம்பழமும் சூப்பும்."

"சூப்பெல்லாம் கஞ்சி ஆகுமா?"

ஆகாதுதான். தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சியை வீட்டில் காய்ச்சுவோரைவிடப் பள்ளிவாசலில் வாங்குவோர்தான் அதிகம். அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மதம் பார்த்து யாரும் ஊற்றுவதில்லை. பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கும் ஒரு வாளி போகும். 2001 முதல் மாநில அரசு இதற்கென்றே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்துவருகிறது. ஊரில் நோன்பு திறக்க யாரும் தனியாக எந்த ஏற்பாடும் செய்ய வேண்டியதில்லை. ஏற்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். நாம் அதற்குள் போய் உட்கார்ந்தால் போதும். வெளிநாட்டில் அறுந்துபோவது இதுதான். நோன்பு வைப்பது ஒரு ஆள் காரியம், அதை எங்கேயும் வைக்கலாம். நோன்பு திறப்பதற்கு நாலு பேர் வேண்டும்.

அந்த நாலு பேரை நாங்கள் கஞ்சியைக் கொண்டே சேர்த்தோம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பச்சரிசி நொய், சிறுபருப்பு, வெந்தயம், பட்டை, கிராம்பு, புதினா, டின்னில் அடைத்த தேங்காய்ப்பால், எல்லாமே கிடைத்தன. கடைக்கார அண்ணை, நோன்புக் கஞ்சிக்கு என்று தெரிந்ததும், ஒரு கட்டு ரம்பையிலையைக் காசு வாங்காமல் பையில் போட்டார். கொத்துக்கறியைப் பக்கத்து ஹலால் கடையில் வாங்கிக்கொண்டோம். விடுதியில் பெரிய பாத்திரம் கிடையாது. நாலு பேருடைய நாலு சின்னச் சட்டிகளில் பிரித்துக் காய்ச்சினோம். ஒன்றில் உப்பு தூக்கல், ஒன்றில் அடிப்பிடித்த வாசம், ஒன்று சரியாக வந்தது.

கூட இருந்தவர்களில் ஒருத்தி பினாங்கிலிருந்து வந்தவள். ஒரு கரண்டி வாயில் வைத்தவுடனே, இது எங்கள் ஊர் கப்பித்தான் கிளிங் பள்ளியில் கொடுப்பதாயிற்றே என்றாள். அந்தப் பள்ளியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் முஸ்லிம் வணிகர்கள். அவர்களும் பிழைக்கப் போன இடத்தில் நோன்பு பிடித்தவர்கள்தான். கப்பலில் போன கஞ்சி இருநூறு ஆண்டு அங்கே இருந்துவிட்டு, லண்டன் விடுதி அடுப்படியில் என்னைச் சந்தித்தது. நைஜீரியாவின் கானோவிலிருந்து வந்த பெண், தன் ஊரிலும் நோன்பு திறக்கக் கஞ்சிதான், ஆனால் கம்பு, சோளத்தில் காய்ச்சுவோம் என்றாள். மறுநாள் அதையும் காய்ச்சினோம்.

மாணவர்கள் கூடிச் சாப்பிடுவதன் பலனை லண்டன் 2013-லேயே பார்த்துவிட்டது. சோயாஸ் கல்லூரி மாணவர் உமர் சல்ஹாவும் நண்பர்களும் ஜூலை மாத ரமலானில் கல்லூரியை ஒட்டி ஒரு கூடாரம் போட்டார்கள். வீட்டை விட்டு வந்த மாணவர்கள் தனியாக நோன்பு திறக்கக் கூடாது என்பது நோக்கம். முஸ்லிமா என்று வாசலில் கேட்பதில்லை. தெருவில் போகிறவர், பூங்காவில் படுப்பவர், பக்கத்துத் துறைப் பேராசிரியர், யார் வேண்டுமானாலும் வந்து தரையில் விரித்த துணியில் உட்காரலாம். 'ரமலான் டென்ட் புராஜெக்ட்' என்ற பெயரில் அது வளர்ந்தது. டிராஃபல்கர் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். 2023-ல் செல்ஸி கால்பந்து அணியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதான ஓரத்தில் பாங்கு ஒலித்தது. 2025 மார்ச்சில் வின்ட்சர் கோட்டையின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் 350 பேருக்கு மேல் நோன்பு திறந்தார்கள். அரசர்கள் விருந்தளிக்கிற மண்டபம் அது.

வோக்கிங் பள்ளியும் இந்தக் கூடாரமும் ஒரே தேவையில் பிறந்தவை. நடுவில் 1963-ல் உருவான மாணவர் இஸ்லாமியச் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கி நடத்தியவர்களிலும் வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம். இன்று ஏறக்குறைய எல்லாப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்திலும் 'ஐசாக்' என்று மாணவர்கள் சுருக்கிக் கூப்பிடுகிற சங்கம் உண்டு. பல வளாகங்களில் தொழுகை அறை, சில இடங்களில் ரமலான் மாதம் முழுக்க இஃப்தார். எதுவும் நிர்வாகம் தானாக முன்வந்து கொடுத்ததில்லை. முன்னால் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிவைத்தது.

கேட்பது நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. காரணம் புரிகிறது. நம் ஊரில் பெருநாள் காலண்டரிலேயே சிவப்பில் அச்சாகி வருகிறது. யாருக்கும் விளக்க வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். இங்கிலாந்தில் இரண்டு பெருநாளுக்கும் பொது விடுமுறை கிடையாது. 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பெருநாளுக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மாணவர் விசாவில் இருப்பவரின் வருகையைப் பல்கலைக்கழகம் கண்காணிக்க வேண்டும் என்பதால், சொல்லாமல் வகுப்புக்கு மட்டம் போடுவதும் வம்பு. ஆகவே முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், இது எனக்கு ஏன் முக்கியம் என்று நாலு வரியில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து மூச்சு விடுவதுபோல் இருந்த ஒன்றை விளக்கச் சொன்னால் நாக்கு புரளாது.

பெருநாளுக்கு விளக்கம் சொல்வதில் இன்னொரு சிக்கல், தேதியை உறுதியாகச் சொல்ல முடியாதது. பிறையைப் பொறுத்தது. பிரிட்டனின் மேகத்தில் பிறை தெரிவது அபூர்வம். சில பள்ளிகள் சவூதி அறிவிப்பைப் பின்பற்றும், சில மொராக்கோ போன்ற நாடுகளின் பிறையை எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் வரும். "வெள்ளியா சனியா என்று வியாழன் இரவுதான் தெரியும்" என்று நெறியாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி? நான் இரண்டு தேதியையும் குறிப்பிட்டு எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: சந்திப்பைத் திங்களுக்கு மாற்றிக்கொள்வோம், நல்வாழ்த்துகள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் தேர்வு அட்டவணை தயாராகும் முன்பே மத அனுசரிப்பு நாட்களைத் தெரிவிக்கப் படிவம் உண்டு. பருவத் தொடக்கத்தில் அதை நிரப்பிவிட வேண்டும். பெருநாளுக்கு முந்தின வாரம் போய் நின்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இதைவிடக் கடினம் வேலை பார்க்கிற பிள்ளைகளின் நிலை. மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். தமிழ்நாட்டிலிருந்து வங்கிக் கடனில் போகிற பலருக்கு அந்த 20 மணி நேரம்தான் வாடகை. கிடைக்கிற ஷிஃப்டு மாலையும் இரவும். கிடங்கிலும் உணவகத்திலும் நிற்கிற பையன், நேரமானதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி பெட்டியைத் தூக்குவான். அவனுக்குக் கூடாரமும் இல்லை, ஐசாக்கும் இல்லை. நான் கண்ட ரமலானில் மனத்தில் அதிகம் தங்கியது அந்தப் பையன்களின் முகம். அவர்களில் யாரும் ஒரு நோன்பைக்கூட விடவில்லை.

2015 ஜூலை 17, வெள்ளிக்கிழமை பெருநாள். ஒயிட்சாப்பலில் கிழக்கு லண்டன் பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே பெண்களுக்கென்று 2013-ல் திறந்த மரியம் மையம் இருக்கிறது. கூட்டம் தாங்காமல் காலையில் பல ஜமாஅத்துகளாகத் தொழுகை நடக்கிறது. ஒரு ஜமாஅத் வெளியே வர, அடுத்த ஜமாஅத் உள்ளே போகும். வங்கதேசம், சோமாலியா, துருக்கி என்று எல்லா நாட்டுப் பெண்களும் தோளோடு தோள். யாரென்றே தெரியாத ஒரு சோமாலிய மூதாட்டி என் கையில் மிட்டாயைத் திணித்து, நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடுகிறது. குடும்பம் உள்ளவர்கள் குடும்பத்தோடு கார் ஏறிப் போய்விடுவார்கள். புது உடுப்போடு நீங்கள் பாதாள ரயில் படியில் நிற்பீர்கள். சுற்றிலும் அலுவலகம் போகிற கூட்டம். அவர்களுக்கு அது சாதாரண வெள்ளிக்கிழமை. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பெருநாளில் தாங்க முடியாதது அந்த ஒன்பது மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரையிலான நேரம். பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான். தொழுகைக்கு யாராவது கூட்டிப்போவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யார் வீடு என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். சொந்தக்காரரோ, ஊர்க்காரரோ, ஊர்க்காரருக்குத் தெரிந்தவரோ, கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் சமையலறையில் அன்று கானோ பெண்ணின் ஜொலோஃப் சோறும், உம்மா ஒரு மாதம் முன்பே ஆள்வசம் கொடுத்தனுப்பிய கீழக்கரைத் தொதலும் இருந்தன. எண்ணெய் கசிந்த அந்தக் கருப்புத் துண்டுகளை ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டோம். பக்கத்து அறைச் சீன மாணவர் மூன்றாவது துண்டு கேட்டார்.

இப்போது போகிற பிள்ளைகளுக்குக் காலம் கொஞ்சம் இளகியிருக்கிறது. ரமலான் பிப்ரவரி, மார்ச்சுக்கு வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் வாரத்தில் பகலும் இரவும் உலகெங்கும் ஏறக்குறையச் சமம் என்பதால், லண்டனிலும் ஹெல்சிங்கியிலும் நோன்பின் நீளம் சென்னையின் அளவை ஒட்டியே வருகிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். லண்டன் நோன்பு அப்போது பத்துப் பதினோரு மணி நேரத்தில் அடங்கும். மாலை நான்கை ஒட்டியே நோன்பு திறக்கும் மக்ரிப் நேரம் வந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளிலேயே ஜனவரித் தேர்வுகள் ரமலானுக்குள் விழ ஆரம்பிக்கும். சங்கங்கள் இப்போதே பேச வேண்டிய விஷயம் இது.

வெளிநாட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்னை, கோவை, திருச்சி, வேலூர் கல்லூரி விடுதிகளில் காஷ்மீர் மாணவர்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் இருக்கிறார்கள். நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஊர் போக டிக்கெட்டும் பணமும் இல்லாமல் விடுதியிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்தான் வெளியூர், நம் விடுதிதான் அந்த இரண்டு மணிச் சமையலறை. ரமலானில் அதிகாலை நான்குக்கு மெஸ்ஸில் ஒரு அடுப்பைப் பற்றவைக்க எத்தனை வார்டன்கள் சம்மதிக்கிறார்கள்? முந்தின இரவுச் சப்பாத்தியைத் தட்டு போட்டு மூடிவைத்துச் சஹர் முடிக்கிற மாணவரை நம் நகரத்து விடுதியில் பார்த்திருக்கிறேன். லண்டனில் எனக்கு இருந்த ஃபிரிட்ஜும் அவருக்கு இல்லை.

செய்ய மனம் இருந்தால் முடியும் என்பதற்குத் திருவல்லிக்கேணியிலேயே சாட்சி இருக்கிறது. 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையினர். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. பல பத்தாண்டுகளாக இந்துக்களான தொண்டர்கள் மயிலாப்பூரில் சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு வரிசையில் பரிமாறுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத பந்தி அது. விடுதியில் தனியாக இருக்கிற எந்த மாணவரும் மாலையில் போய் உட்காரலாம்.

உங்கள் தெருவில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கிற வெளியூர்ப் பிள்ளை யாராவது இருந்தால், பண்டிகைக்கு முந்தின நாளே போய்க் கதவைத் தட்டுங்கள். நாளை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.